கன அடி, கொட்டாய், குழந்தையின் பெயர்: புதிய நிருபர் முதலில் பழக வேண்டியவை

பகுதிநேர நிருபராகச் சேரும் இளைஞர்கள் பலரும் நடையைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். நடை எழுத எழுத வந்துவிடும். துணை ஆசிரியரும் திருத்தித் தருவார். களத்தில் தப்பாகக் குறித்துவந்த எண்ணையும் ஊர்ப் பெயரையும் அவரால் திருத்த முடியாது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அப்படித் தவறும் இடங்கள் பெரும்பாலும் தெரிந்தவைதான்.

முதலாவது தண்ணீர்ச் செய்தி. கேஆர்எஸ் (கிருஷ்ணராஜ சாகர்) அணை மைசூரு அருகே காவிரியில் இருக்கிறது. கேஆர்பி அணை கிருஷ்ணகிரி அருகே தென்பெண்ணையில் இருக்கிறது. அதன் முழு நீர்மட்டம் 52 அடி. ஓர் எழுத்து மாறினால் ஒகேனக்கல் மக்களுக்குப் போக வேண்டிய எச்சரிக்கை காவேரிப்பட்டணத்தைக் கலங்கடிக்கும். காவேரிப்பட்டணத்துக்குப் பெயரில்தான் காவிரி, ஊர் தென்பெண்ணைக் கரையில். வெளியூரில் இருக்கும் செய்தி அறைக்கு இதை நிருபர்தான் சொல்ல வேண்டும்.

கர்நாடக அணைகளில் திறந்துவிட்ட அளவை அப்படியே ஒகேனக்கல் நீர்வரத்து என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. திறந்த நீர் வந்துசேர நேரமாகும். வழியில் மழை பெய்தால் அளவு கூடும். அதனால் தமிழக எல்லையில் பிலிகுண்டுலுவில் அளந்த கணக்கைக் கேளுங்கள், எத்தனை மணி நிலவரம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கன அடிக்கு முன்னால் ‘விநாடிக்கு’ விடுபட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. டிஎம்சி என்பது மொத்த அளவு: 100 கோடி கன அடி. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால்தான் 1 டிஎம்சி சேரும்.

சந்தை விலையிலும் இதே கவனம் வேண்டும். பாலக்கோட்டில் தக்காளிப் பெட்டி இவ்வளவு என்று சொன்னால், பெட்டிக்கு எத்தனை கிலோ என்று கேட்காமல் நகரக் கூடாது. மாங்காயை மண்டியில் கிலோ கணக்கிலும், கூழ் தொழிற்சாலையில் டன் கணக்கிலும் பேசுவார்கள். பெங்களூரா ரக விலையையும் செந்தூரா ரக விலையையும் ஒன்றாகக் கலந்து ‘மா விலை சரிவு’ என்று தலைப்பிட்டால், விற்கப் போகிற விவசாயிதான் பேரத்தில் அடிபடுவார்.

ஊர்ப் பெயர் இன்னொரு சிக்கல். இங்கே ‘அள்ளி’, ‘பட்டி’, ‘கொட்டாய்’ என முடியும் ஊர்கள் ஏராளம். ஒரே பெயரில் பல இருக்கும். ஊராட்சி, தாலுகா இரண்டையும் குறியுங்கள். ஆள் பெயரை இனிஷியலோடு அவர் கண்முன்னே எழுதிக் காட்டுங்கள். தொப்பூர் கணவாய் விபத்து போன்ற செய்தியில், கூட்டத்தில் நிற்பவர் சொல்லும் இறப்பு எண்ணிக்கையை எழுதாதீர்கள். காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும் தனித்தனியாகக் கேளுங்கள். குடும்பத்துக்குத் தகவல் போய்ச் சேரும் முன் பெயர் வெளியாகக் கூடாது.

யார் சொன்னாலும் ஒரு கேள்வியைத் தவறவிடாதீர்கள்: ‘நீங்க நேர்ல பார்த்தீங்களா, யாராச்சும் சொன்னாங்களா?’ ஒரே வாட்ஸ்அப் பதிவைப் படித்த பத்துப் பேர் பத்துச் சாட்சிகள் ஆகமாட்டார்கள். முதல் தகவல் அறிக்கையைத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் பார்க்கலாம். பாலியல் குற்றம் போன்ற உணர்வுசார் வழக்குகள் அதில் இருக்காது.

எல்லாவற்றிலும் அதிகக் கவனம் தேவைப்படுவது குழந்தைத் திருமணச் செய்திக்கு. இந்த இரண்டு மாவட்டங்களிலும் அது தொடர்ந்து எழுத வேண்டிய பிரச்சினை. ஆனால் எழுதும் விதத்தில் அந்தச் சிறுமியை இரண்டாம் முறை காயப்படுத்திவிடக் கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும், இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடத் தடை விதிக்கின்றன. மீறினால் சிறைத் தண்டனைகூட உண்டு. பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று நினைப்பதுதான் தவறு. நாற்பது வீடுள்ள கொட்டாயில் ‘பத்தாம் வகுப்பு மாணவி, தந்தை லாரி ஓட்டுநர்’ என்றாலே யார் என்று தெரிந்துவிடும். குற்றம் சாட்டப்பட்டவர் உறவினரானால் அவர் பெயரும் அவளைக் காட்டிக்கொடுக்கும். முகத்தை மங்கலாக்கிவிட்டு வீட்டுவாசலையும் பள்ளிச் சீருடையையும் படத்தில் விட்டுவைப்பதும் அப்படியே. மாவட்டத்தின் பெயரோடு நிறுத்துங்கள். குழந்தைகள் உதவிக்கான 1098 எண்ணைச் செய்தியில் சேருங்கள்.

எழுத உட்காரும்போது யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி என்ற ஆறில் எது வாசகருக்கு முதலில் வேண்டுமோ அதை இன்ட்ரோவில், அதாவது செய்தியின் முதல் பத்தியில் வையுங்கள். வெள்ளச் செய்தியில் அது பெரும்பாலும் ‘எங்கே’தான்.

குறிப்பேட்டில் தேதி, நேரம், சொன்னவர் பதவி மூன்றும் இருக்கட்டும். நிரம்பியதும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அவதூறுக் குற்ற வழக்கை 3 ஆண்டு வரை தொடுக்க முடியும். அதுவரையாவது பத்திரமாக வைத்திருங்கள்.