டைனோத் தாளில் பெரிய எண்ணை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள்

டைனோ என்பது வண்டியின் சில்லுகளை ரோலரில் ஓடவிட்டு வலுவை அளக்கும் இயந்திரம். அதில் ஒரு ரன் பத்துப் பதினைந்து செக்கனில் முடிந்துவிடும். சாமான் ஏற்றிய டபுள் கெப் ஒன்று கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏற நிமிடக் கணக்காகும். ரோலரில் நல்ல எண் காட்டிய எஞ்சின், அந்த ஏற்றத்தில் பிஸ்டனை உருக்கிக்கொண்டு நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த நேர வித்தியாசம்தான். வலுவைக் கூட்டுவதற்காகக் கூடுதலாக அடிக்கும் டீசலின் சூடு பத்துச் செக்கனில் உலோகத்துக்குள் முழுதாக இறங்காது. ஏற்றத்தில் இறங்கும்.

கொழும்பில் எஞ்சினின் வலுவைக் கூட்டும் வேலை இப்போது பெருகியதற்கு ஒரு காரணம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனைக்கான வாகனங்கள் திரும்ப வரத் தொடங்க 2025 பெப்ரவரி ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் பழைய கெப்பை விற்க மனமில்லாதவர்கள் அதிலேயே காசைக் கொட்டினார்கள். உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பெரிய டேர்போ (எஞ்சினுக்குள் காற்றை நெருக்கி அனுப்புவது), வேறு எஞ்சினின் இன்டர்கூலர் (அந்தக் காற்றைக் குளிர்விப்பது), துளை பெருப்பித்த இன்ஜெக்டர் (டீசலைத் தெளிப்பது) என்று ஒவ்வொன்றாக வாங்கிப் பூட்டி, அதற்கு மேல் ஒரு ரீமெப்பும் (எஞ்சின் கணினியில் உள்ள அட்டவணைகளை, அதாவது மெப்பை, மாற்றி எழுதுவது) போட்டுவிட்டு, டைனோ வைத்திருக்கும் எங்களிடம் வருவார்கள். “அண்ணா, எவ்வளவு அடிக்குது என்று ஒருக்கால் பார்த்துத் தாங்க.”

பார்த்துத் தரலாம். ஆனால் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். தொழிற்சாலை சொல்லும் வலு எஞ்சினின் கிராங்கில், அதாவது அதன் சுழல் தண்டிலேயே, அளந்தது. டைனோ அளப்பது சில்லில். கியர்பொக்ஸ், டிஃபரென்ஷியல், டயர் எல்லாம் தங்கள் பங்கை எடுத்த பிறகு மிஞ்சுவதுதான் தாளில் விழும். உதாரணத்துக்கு, பழைய ஹைலக்ஸின் 2982 சிசி எஞ்சினுக்கு 3600 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 3600 சுற்று) 171 குதிரைவலு என்று கணக்கு. அதே வண்டி ரோலரில் 145 காட்டினால் எஞ்சின் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. மாறாக, கையே வைக்காத வண்டி 175 காட்டினால் நான் டைனோவைத்தான் சந்தேகிப்பேன்.

டோர்க்கை, அதாவது எஞ்சினின் முறுக்கு விசையை, சரிபார்க்க ஒரு சின்னக் கணக்குப் போதும். நியூற்றன் மீற்றரை ஆர்பிஎம்மால் பெருக்கி 9549ஆல் வகுத்தால் கிலோவாற்று வரும். மேலே சொன்ன 171 குதிரைவலு என்றால் 126 கிலோவாற்று. திருப்பிப் போட்டால் 3600இல் 334 நியூற்றன் மீற்றர். உங்கள் தாளில் உள்ள இரண்டு கோடுகளும் இந்தக் கணக்குக்கு ஒத்துவராவிட்டால் யாரோ எதையோ தவறாகப் பதிந்திருக்கிறார்கள். டீசலில் இது அடிக்கடி நடக்கும். பெற்றோல் வண்டியில் பிளக் வயரிலிருந்து ஆர்பிஎம் எடுக்கலாம். டீசலில் பிளக் இல்லை. வண்டியின் கணினியிலிருந்தோ ரோலர் வேகத்திலிருந்தோதான் எடுக்க வேண்டும். அங்கே கியர் விகிதம் பிழைத்தால், வலு சரியாக இருக்கும்போதே டோர்க் மட்டும் வானத்துக்குப் போய்விடும். “700 நியூற்றன் மீற்றர் எடுத்தோம்” என்று போனில் சுற்றும் படங்களில் சிலவற்றின் கதை இதுதான்.

இன்னொன்று, திருத்தக் காரணி. நம் ஊர்ச் சூட்டில் காற்று அடர்த்தி குறைவு என்பதற்காக மென்பொருள் முடிவைச் சற்று உயர்த்திக் காட்டும். எஸ்ஏஇ (வாகனப் பொறியியலாளர் சங்கம்) முறை 25 பாகை செல்சியஸை அடிப்படையாக வைத்திருக்கிறது. கொழும்பில் பகலில் 31, 32 சாதாரணம். டேர்போ இல்லாத எஞ்சினுக்கு இந்தத் திருத்தம் நியாயம். டேர்போ டீசலில் குறைந்த காற்றை டேர்போவே பெருமளவுக்கு ஈடுசெய்துவிடுகிறது. அதற்கு மேலும் திருத்தினால் இல்லாத வலு எழுதப்படும். திருத்தாத தாளையும் கேட்டு வாங்குங்கள்.

அண்மையில் வந்த ஒரு 3.0 லீற்றர் கெப்பை எடுத்துக்கொள்வோம். ரீமெப்பும் இருந்தது, அதற்கு மேல் ஒரு ‘பவர் பெட்டி’யும் பூட்டியிருந்தது. வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் பார்த்தால் ரெயில் அமுக்கம் (இன்ஜெக்டர்களுக்குப் போகும் டீசலின் அமுக்கம்) அமைதியாக, சொன்னபடி நிற்கிறது. இந்தப் பெட்டிகளில் பல செய்யும் வேலை என்ன தெரியுமா? ரெயில் அமுக்க சென்சருக்கும் கணினிக்கும் நடுவில் உட்கார்ந்து, அமுக்கம் குறைவு என்று பொய் சொல்லும். கணினி அதை நம்பி இன்னும் ஏற்றும். ஆகவே ஸ்கேனர் காட்டுவது அந்தப் பொய்யைத்தான். பெட்டிக்கு முன்னால், சென்சர் வயரிலேயே மீற்றர் பிடித்துப் பார்த்தபோது உண்மையான அமுக்கம் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் உரிய எல்லையைத் தாண்டியிருந்தது. டேர்போவுக்கு முன்னால் வைத்த வெப்பமானி 750 பாகையைக் கடந்து, நிற்காமல் மேலே போய்க்கொண்டிருந்தது. பாரத்தோடு தொடர்ந்து ஓடும் வண்டிக்கு 700க்கு மேல் நான் சம்மதிப்பதில்லை. பெட்டியைக் கழற்றிவிட்டு ஓட்டியபோது எண் குறைந்தது, சூடு அடங்கியது. உரிமையாளருக்கு முதல் விஷயம் மட்டும்தான் கண்ணில் பட்டது. அவரைச் சமாதானப்படுத்த ஒரு தேத்தண்ணி போதவில்லை.

இதனால்தான் ஒரே மூச்சில் மேலே ஏறி முடியும் ரன்னை மட்டும் நம்பக்கூடாது என்கிறேன். மின்காந்த பிரேக் உள்ள டைனோவில் 2200 ஆர்பிஎம்மில் எஞ்சினைப் பாரத்தோடு பிடித்து வைத்து, சூடு எங்கே போய் நிற்கிறது என்று பார்க்கலாம். வெறும் ரோலரின் எடையை மட்டும் சுழற்றும் டைனோவில் இது முடியாது. ரோலர் இலேசாக இருந்தால் டேர்போ முழுதாகக் காற்று கட்டும் முன்பே ரன்னும் முடிந்துவிடும்.

உயரத்தையும் மறந்துவிடுகிறார்கள். டைனோ இருப்பது கடல் மட்டத்தில். வண்டி போவது நுவரெலியாவுக்கு. ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் காற்றமுக்கம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். எஞ்சினுக்குள் மொத்தம் 2.4 பார் (கொழும்பின் காற்றமுக்கம் ஏறக்குறைய 1 பார்) வேண்டும் என்று மெப்பில் எழுதியிருந்தால், கொழும்பில் டேர்போ காற்றை 2.4 மடங்கு நெருக்கினால் போதும். அங்கே 3 மடங்கு நெருக்க வேண்டும். கம்பனி மெப்பில் உயரத்துக்கு ஏற்ப இலக்கைக் குறைக்கும் அட்டவணை உண்டு. சிலர் ரீமெப் செய்யும்போது அதைத் தட்டையாக்கிவிடுவார்கள். நுவரெலியா போகும் வழியில் றம்பொடைக்கு மேலே டேர்போவின் விசில் சத்தம் மாறுகிறது என்றால் அது தன் வேக எல்லையைத் தாண்டிச் சுழல்கிறது என்று சந்தேகியுங்கள்.

சரி, ரோலரில் ஏற்றும் முன் சில விஷயம். சேற்று டயரோடு வராதீர்கள். அந்தப் பெரிய கட்டைகள் சூடேறிப் பிய்ந்து பறக்கும். சாதாரண ரோட் டயரைப் போட்டுக்கொண்டு வாருங்கள். இரண்டு சில்லு டைனோ என்றால் வண்டி டூ வீலில் இருக்க வேண்டும். எந்நேரமும் நான்கு சில்லும் இழுக்கும் வகை என்றால் ஏற்றவே கூடாது. இன்டர்கூலர் எஞ்சினுக்கு மேலே இருக்கும் வண்டிகளில் விசிறியை ரேடியேட்டருக்கு மட்டும் வைத்தால் போதாது, பொனட் துவாரத்துக்கும் காற்று போக வேண்டும். அப்புறம், வீடியோ எடுக்கும் தம்பிமார் சில்லுக்கு நேர் பின்னால் நிற்கக் கூடாது. வண்டியைக் கட்டிய பட்டி அறுந்தாலும் டயர் பிய்ந்தாலும் அந்தப் பக்கம்தான் வரும்.

நான் அதிகம் பயப்படுவது எஞ்சின் தறிகெட்டு ஓடுவதற்கு. டேர்போவின் சீல் போனால் எஞ்சின் ஒயில் காற்றுக் குழாய்க்குள் வரும். டீசல் எஞ்சின் அதையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது, ஏனென்றால் அது இன்ஜெக்டரை நம்பி ஓடவில்லை. வெள்ளைப் புகை கொட்ட, ஆர்பிஎம் தானாக ஏறும். அந்த நேரத்தில் பயத்தில் கிளச்சை மிதிப்பதுதான் ஆகக் கெட்ட காரியம். இருந்த பாரமும் போய்விடும். மேல் கியரில் பிரேக்கை அழுத்தி எஞ்சினை நிறுத்தப் பார்க்க வேண்டும், அல்லது காற்றை அடைக்க வேண்டும். கையால் அடைக்கக் கூடாது, துணியாலும் கூடாது, இரண்டையும் உள்ளே இழுத்துவிடும். காற்றுக் குழாயின் வாய்க்கு ஏற்ற தடித்த பலகை ஒன்றும், காபனீரொட்சைட்டுத் தீயணைப்பான் ஒன்றும் ரோலருக்குப் பக்கத்தில் இல்லாத இடத்தில் வண்டியை ஏற்றாதீர்கள். ஈஜிஆரை (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் அமைப்பு) அடைக்கும்போது அதோடு இருக்கும் காற்றுத் தடுப்பு வால்வையும் சிலர் கழற்றி எறிகிறார்கள். எஞ்சினை அணைக்கும்போது காற்றை மூடுவது அதுதான். ஆபத்து நேரத்தில் உதவக்கூடியதும் அதுதான்.

கடைசியாகப் புகை. கறுப்பாகத் தள்ளினால்தான் பவர் என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. அது காற்றுப் போதாமல் சரியாக எரியாத டீசல், உங்கள் காசு. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 2012இல் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. மூடிய ஷெட்டுக்குள் நாள் முழுக்க நிற்பவர்கள் நாங்கள். புகையை வெளியே இழுக்கும் குழாய் இல்லாத டைனோவுக்கு நான் என் பையன்களை விடமாட்டேன். வருடாந்தப் புகைப் பரிசோதனையில் டீசல் வண்டியை நியூட்ரலில் வைத்து அக்சிலேட்டரை மிதித்துத்தான் பார்ப்பார்கள். அதனால் சோதனைக்கு ஒரு மெப், ரோட்டுக்கு ஒரு மெப் என்று கேட்டு வருபவர்கள் உண்டு. செய்து கொடுப்பதில்லை. பெரிய டேர்போ காற்று கட்டப் பிந்துவதால்தான் அந்தப் புகை பெரும்பாலும் 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே வருகிறது. டைனோவில் பாரம் கொடுத்துப் பிடித்து, காற்று வரும்வரை டீசலைக் குறைத்து எழுதினால் புகை போய்விடும். உச்ச வலு இருந்த இடத்திலேயே இருக்கும். சிக்னலில் கிளம்பும்போது மட்டும் வண்டி கொஞ்சம் மந்தமாகத் தெரியும்.