கட்டெறும்பு ராணிக்கு என்ன சாப்பாடு?

மழை ஓய்ந்த சாயங்காலம் தெருவிளக்கை மொய்க்கும் எல்லாவற்றையும் நாம் ஈசல் என்றே சொல்லிவிடுகிறோம். ஈசல் கறையான் சாதி. நாலு இறக்கையும் ஒரே நீளம். இடுப்பு சிறுத்து, முன்னிறக்கை நீண்டு, உணர்கொம்பு முழங்கை மாதிரி மடங்கியிருந்தால் அது எறும்பு.

இறக்கை உதிர்ந்து, கூன் விழுந்தாற்போன்ற தடித்த முதுகோடு ஒரு பெரிய கட்டெறும்பு தனியாக அலைந்தால், அநேகமாக அது புது ராணி. ஆயுளுக்குத் தேவையான விந்தணுக்கள் அதன் வயிற்றில் ஒரு சிறு பையில் இருக்கின்றன. எறும்பு வளர்ப்பவர்கள் அதைச் சோதனைக் குழாயில் விடுவார்கள்: அடியில் தண்ணீர், தண்ணீரை அடைத்துப் பஞ்சு, குழாயின் வாயிலும் பஞ்சு. அடுத்த கேள்வி, என்ன தீனி போடுவது?

ஒன்றும் வேண்டாம். மண்ணுக்குள் இருந்தாலும் அறையை அடைத்துக்கொண்டு அது பட்டினிதான் கிடக்கும். சரக்கு அந்தக் கூன் முதுகில் இருக்கிறது. அங்கே நிறைந்திருப்பது பறப்பதற்கான தசை. இனிப் பறக்கப் போவதில்லை என்றானதும் அந்தத் தசை கரைந்து உணவாகிறது. பிரான்சைச் சேர்ந்த சார்ல்ஸ் ஜானே 1900-களின் தொடக்கத்தில், வேறொரு எறும்பின் ராணிகளை அறுத்துப் பார்த்து இதை விவரித்தார். வயிற்றுக் கொழுப்பும் கூடச் சேர்கிறது. வாய்வழி ஊட்டும் திரவமாக அது, முட்டையிலிருந்து வரும் புழுக்களுக்குப் போகிறது. கட்டெறும்பின் குடலில் குடியிருக்கும் பிளாக்மேனியா என்ற பாக்டீரியாவும் கைகொடுக்கிறது. கழிவில் போகவேண்டிய நைட்ரஜனைத் திருப்பி அமினோ அமிலமாக்கித் தருகிறது.

நாம் பாசத்தில் தேன் வைத்தால் பூஞ்சைதான் பூக்கும். தினமும் குழாயை எடுத்து ஆட்டிப் பார்த்தால் மிரண்டுபோய்த் தன் முட்டையையே தின்றுவிடும். இருட்டில் வைத்துவிட்டு மறந்துபோவதே உத்தமம்.

எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை என்பார்களே, அந்த அரிசி மணிகளில் பல முட்டையே அல்ல, கூட்டுப்புழுக்கள். வெப்பத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு மாதத்தில் ராணி கூட்டுப்புழுவின் உறையைத் தாடையால் கிழித்து முதல் மகளை வெளியே எடுக்கும். நிறம் வெளிறி, சாதாரணக் கட்டெறும்பைவிடக் குட்டையாக இருக்கும். இருந்த சரக்கில் அவ்வளவுதான் முடிந்தது.

தீனி இப்போதுதான். கடுகளவு சர்க்கரைத் தண்ணீர், கொன்று நறுக்கிய ஒரு பூச்சித் துண்டு. சர்க்கரை மகள்களுக்கு, பூச்சியின் புரதம் முக்கியமாகப் புழுக்களுக்கு. வளர்ந்த எறும்பால் திடப்பொருளை விழுங்க முடியாது, சாற்றை மட்டுமே உறிஞ்சும். மகள்கள் குடித்து வந்ததை ராணிக்கு வாயோடு வாய் ஊட்டுவார்கள்.

எல்லா ராணிக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. தென்னிந்தியக் காடுகளில் பெரிய கண்ணும் நீண்ட தாடையுமாகத் தாவிப் பிடிக்கும் ஹார்பெக்னேதஸ் என்ற எறும்பு உண்டு. அதன் ராணி முட்டைகளைக் கூட்டில் விட்டுவிட்டுத் தானே வேட்டைக்குப் போய்வரும். அதைக் குழாயில் அடைத்துப் பட்டினி போட்டால் கூடு தழைக்காது. சின்னப் பூச்சியை உயிரோடு உள்ளே விடவேண்டும்.