ஊனச் சான்றிதழில் எண் மட்டும் இருந்தால் போதாது

விபத்து இழப்பீட்டு வழக்குக்காக வருகிறவர்களில் பலர், காயத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே "எத்தனை பர்சன்ட் சார் போடுவாங்க?" என்று கேட்டுவிடுவார்கள். சான்றிதழில் எண் பெரிதாக இருந்தால் தொகையும் பெரிதாக வரும் என்ற நம்பிக்கை. அந்த எண்ணோடு கூண்டேறும் மருத்துவர் குறுக்கு விசாரணையில் படும் பாட்டைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்பதில்லை.

கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். "இவருக்குச் சிகிச்சை அளித்தது நீங்களா?" இல்லை. "கேஸ் ஷீட்டைப் பார்த்தீர்களா?" டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் பார்த்தேன். "முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளந்தீர்களா?" அளந்தேன். "எழுதி வைத்திருக்கிறீர்களா?" இல்லை. "நீங்கள் போட்ட சதவீதம் காலுக்கா, முழு உடம்புக்கா?" பல சாட்சியங்கள் இந்தக் கடைசிக் கேள்வியில்தான் சரிகின்றன.

மருத்துவர் நிபுணர் சாட்சி என்பதில் சிக்கல் இல்லை. முன்பு 1872 சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 39ஆம் பிரிவு. ஆனால் அவர் சொல்வதை நீதிமன்றம் கேட்கும் என்பதற்காக அப்படியே ஏற்கும் என்று அர்த்தமில்லை. எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தார் என்பதை அவர் விளக்க வேண்டும். அதைக் கொண்டு நீதிபதி சொந்தமாக ஒரு முடிவுக்கு வருவார்.

2010 அக்டோபரில் வந்த ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பு இதில் முக்கியமானது. சான்றிதழைத் தாக்கல் செய்தால் மட்டும் ஊனம் நிரூபணமாகிவிடாது. சிகிச்சை அளித்த மருத்துவரோ, பரிசோதித்து ஊனத்தை மதிப்பிட்டவரோ குறுக்கு விசாரணைக்கு வர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். சிகிச்சையே அளிக்காமல் தாராளமாகச் சான்றிதழ் கொடுப்பவர்களிடம் எச்சரிக்கை தேவை என்றும் சொன்னது. அந்த வழக்கில் சான்றிதழ் சொன்னது இடது காலில் 45 சதவீதம். பாதிக்கப்பட்டவர் பாலாடைக்கட்டி விற்பவர். நீதிமன்றம் முழு உடலுக்கான ஊனத்தை 25 சதவீதமாகவும், சம்பாதிக்கும் திறன் இழப்பை 20 சதவீதமாகவும் எடுத்துக்கொண்டது.

இந்தக் கணக்கு எப்போதும் குறைத்துக்கொண்டே போகும் என்று நினைத்துவிட வேண்டாம். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் வந்த ஒரு வழக்கில், தச்சர் ஒருவரின் இடது கை முழங்கைக்கு மேலே துண்டிக்கப்பட்டிருந்தது. பகுதி ஊனம்தான் என்று வாதாடினார் முதலாளி. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் இழப்பு 100 சதவீதமே என்று 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதே கையை இழந்தவர் அரசு அலுவலக எழுத்தர் என்றால் வேலை போகாமலே இருக்கலாம். ஆக, உடம்பில் என்ன குறை என்பதைச் சொல்ல மருத்துவர் வேண்டும். விபத்து வழக்கில் அது வருமானத்தை எவ்வளவு பாதித்தது என்பதைத் தீர்ப்பாயம்தான் முடிவு செய்யும். அதற்கு வேலையைப் பற்றிய சாட்சியம் தேவை. நம் ஆட்கள் பலர் இதைக் கோட்டை விடுகிறார்கள். சம்பளச் சீட்டைத் தருவார்கள். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும், எவ்வளவு எடை தூக்க வேண்டும் என்பதைச் சொல்ல யாரையும் கூட்டி வரமாட்டார்கள்.

சரி, என்ன செய்யலாம்? முதல் நாளே அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டின் நகலை வாங்கிவிடுங்கள். எக்ஸ்ரே பிலிம்களைத் தூக்கிப் போடாதீர்கள். எலும்பு கூடி, சிகிச்சை முடிந்து, உடல்நிலை ஒரு நிலைக்கு வந்த பிறகு மதிப்பீட்டுக்குப் போங்கள். கட்டுப் பிரித்த சூட்டோடு வாங்கும் சான்றிதழ் நிற்காது. கூடியவரை அறுவை செய்த மருத்துவரிடமே கேளுங்கள். எந்த உறுப்புக்கு எவ்வளவு, முழு உடலுக்கு எவ்வளவு, என்ன அளவெடுத்தார் என்பதை அவர் எழுதட்டும். நீதிமன்றம் வர நேரமில்லை என்று அவர் தயங்கினால், நீதிமன்றம் நியமிக்கும் ஆணையர் மூலம் அவர் இடத்திலேயே சாட்சியம் பதிவு செய்யக் கோரி உங்கள் வழக்கறிஞர் மனுப் போடலாம். எதிர்த்தரப்பு சதவீதத்தையே மறுக்கிறது என்றால், மருத்துவக் குழுவுக்கு அனுப்பும்படி நாமே கேட்டுவிடுவது நல்லது. அவர்கள் கேட்கும்வரை காத்திருந்தால் நமக்கு ஏதோ பயம் என்று தோன்றும்.