ஜாம் பேண்ட்: நெருக்குவதா, நிரவுவதா?

ஜாம் என்றதும் நமக்கு முதலில் ரொட்டியில் தடவுவது ஞாபகம் வரும், அடுத்து டிராஃபிக். அப்புறம் "கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது". முதல் இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல். மூன்றாவது நம்முடையது, அதற்கும் ஆங்கிலத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் ஜாம் பேண்ட், அதாவது மேடையிலேயே பாட்டை நீட்டி வளர்த்து வாசிக்கும் ராக் குழு, அதன் கச்சேரிக்குப் போய்விட்டு வந்தவரைக் கேட்டால், அநேகமாக இந்த மூன்றாவது அர்த்தத்தில்தான் பேசுவார்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் 1700களின் தொடக்கத்தில் 'இறுக்கி அழுத்துதல், நெருக்கி அடைத்தல்' என்ற பொருளில் வந்தது. பழத்தை நசுக்கி அடைத்து வைப்பதால் தின்னும் ஜாமுக்கும் அதே சொல் ஒட்டிக்கொண்டது என்பார்கள். 1920களின் கடைசியில் ஜாஸ் கலைஞர்கள் இதை இசைக்கு எடுத்துக்கொண்டார்கள். முன்கூட்டி எழுதி வைக்காமல், வாத்தியக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து அந்த நேரத்தில் தோன்றியதை வாசிப்பது ஜாம். நியூயார்க் ஹார்லெமில் மிண்டன்ஸ் பிளேஹவுஸ் என்ற இடத்தில், 1940களின் தொடக்கத்தில், சம்பளத்துக்கு வாசிக்கும் வேலை முடிந்த பிறகு இரவில் கூடி இப்படி வாசித்தார்கள். தெலோனியஸ் மங்க், டிஸ்ஸி கில்லெஸ்பி எல்லாம் அந்தக் கூட்டம்தான்.

ஜாஸில் ஜாம் என்பது வேலைக்குப் பிறகு நடப்பது. அதையே வேலையாக்கிய ராக் குழுதான் ஜாம் பேண்ட். இதன் மூத்த தலைமுறை 1965-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கிரேட்ஃபுல் டெட். அவர்களுடைய 'டார்க் ஸ்டார்' பாட்டு 1968-இல் இசைத்தட்டாக வந்தபோது மூன்று நிமிடம்கூட இல்லை. அடுத்த வருடம் வெளியான மேடைப் பதிவில் அதே பாட்டு 23 நிமிடம். அப்படியென்றால் எது அசல்? ஒரு ஜாம் பேண்ட் ரசிகரிடம் இதைக் கேட்டால் கேள்வியே புரியாதது போலப் பார்ப்பார். இசைத்தட்டில் இருப்பது விதை என்பார்.

அதனால்தான் இந்தக் குழுக்களை நேரில் கேட்பது ஒரு தனி வழக்கமாகவே வளர்ந்துவிட்டது. ஒரே ஊரில் மூன்று நாள் கச்சேரி என்றால் மூன்று நாளும் அதே ஆட்கள் வருவார்கள். பாட்டுப் பட்டியல் ஒவ்வொரு இரவும் வேறு. 1984-இலிருந்து கிரேட்ஃபுல் டெட் கச்சேரிகளில் ஒலிப்பதிவு செய்ய வருகிற ரசிகர்களுக்கென்று தனி இடமே ஒதுக்கினார்கள், உயரமான கம்பிகளின் நுனியில் மைக்குகளைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கு. அரங்குக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தில் சந்தை கூடிவிடும். முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய பனியன், வாணலியில் சுட்ட சீஸ் சாண்ட்விச். டிக்கெட் கிடைக்காதவர் ஒற்றை விரலை மேலே தூக்கிப் பிடித்தபடி கூட்டத்தில் நடப்பார். யாராவது ஒரு டிக்கெட் சும்மா கொடுங்கள் என்பதற்கு அதுதான் சைகை.

கிடாரிஸ்ட் ஜெர்ரி கார்சியா 1995-இல் இறந்ததும் அந்தக் குழு அந்தப் பெயரில் வாசிப்பதை நிறுத்திக்கொண்டது. இன்று 'மூத்த ஜாம் பேண்ட்' என்றால் பலருக்கும் மனதில் வருவது 1983-இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் தொடங்கிய ஃபிஷ் குழு. இப்போது மேடையில் இருக்கும் அதே நான்கு பேர் 1980களின் நடுவிலிருந்து சேர்ந்து வாசிப்பவர்கள். டிரம்ஸ் வாசிக்கும் ஜான் ஃபிஷ்மேன் வட்ட வட்டமாகப் போட்ட கவுனை மாட்டிக்கொண்டுதான் உட்காருவார். சில இரவுகளில் வாக்குவம் கிளீனரை வாயில் வைத்து 'வாசிப்பார்'. இந்தக் கூத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. 2017-இல் நியூயார்க்கின் மாடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் 13 இரவு வாசித்தார்கள். 200-க்கு மேல் பாடல்கள், ஒன்றுகூட இரண்டாம் முறை வரவில்லை. 1999 டிசம்பர் 31 அன்று ஃபுளோரிடாவில் நள்ளிரவையொட்டி மேடை ஏறியவர்கள் சூரியன் உதிக்கும்வரை இறங்கவில்லை. சுமார் ஏழரை மணி நேரம். ஏழரை என்றதும் நமக்குச் சனி ஞாபகம் வரும். அந்த ரசிகர்களுக்கு அது திருவிழா.

நடுப் பாட்டில் என்னதான் நடக்கிறது? பாட்டின் வரிகள் முடிந்ததும் கிடார் தனியாகக் கிளம்பும். கொஞ்ச நேரத்தில் அது அடங்கி, ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த இடைவெளியில் பேஸ் கிடார் வேறொரு அடிக்கு நகரும். டிரம்ஸ்காரர் அதைக் கேட்டுத் தன் தாளத்தைப் பாதியாக்குவார். இப்போது யார் முன்னணி, யார் பக்கவாத்தியம் என்று சொல்ல முடியாது. ரசிகர்கள் இதை இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பாட்டின் சட்டகத்துக்குள்ளேயே சுற்றி வருவது முதல் வகை. சட்டகத்தையே விட்டு வெளியேறி, திரும்பினாலும் திரும்பலாம், வேறு பாட்டில் போய் இறங்கினாலும் இறங்கலாம் என்பது இரண்டாம் வகை. பட்டியல் எழுதும்போது, நிற்காமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் இரண்டு பெயருக்கும் நடுவில் ஓர் அம்புக்குறி போடுவார்கள்.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல்? 'உடனாக்க இசைக்குழு' என்று ஒன்றை உருவாக்கலாம், ஆனால் அரசாணை வாசிப்பது போல இருக்கிறது. 'இட்டுக்கட்டுதல்' நாட்டுப்புறப் பாட்டில் நன்றாகப் பொருந்தும். ஆனால் பொய் சொல்வதற்கும் அதே சொல். கர்நாடக சங்கீதத்தில் அந்த நேரத்துக் கற்பனையில் பாடுவதைச் சொல்லும் 'மனோதர்மம்' பொருளில் நெருங்கி வருகிறது. ஆனால் அதில் ஒரு மனம்தான் தெரிகிறது, மற்றவர்கள் பின்தொடர்கிறார்கள். இங்கே நாலு மனம் ஒரே நேரத்தில் வேலை செய்கிறது. 'ஜமா' என்று ஒரு சொல் இருக்கிறது, கூத்துக் குழுவைச் சொல்வது. அரபியிலிருந்து வந்து நம் ஊரில் குடியேறிய சொல். காதுக்கு ஜாம் போலவே கேட்பதால் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது கூட்டத்தைச் சொல்கிறதே தவிர, கூட்டம் செய்வதைச் சொல்லவில்லை.

என் ஓட்டு 'நிரவல்' என்பதற்கு. ஒரு வரியை எடுத்துக்கொண்டு, அதன் எடுப்பு, அதாவது வரி தொடங்கும் இடம், தாளத்தில் மாறாமல், சொற்களை ராகத்தில் பரப்பிப் பரப்பிப் பாடி மறுபடி அந்த வரிக்கே வந்து சேர்வது நிரவல். ரசிகர்கள் சொல்லும் முதல் வகை கிட்டத்தட்ட இதுதான். பள்ளத்தில் மண் போட்டு நிரவுகிறோமே, அதே வினைச்சொல். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலச் சொல் நெருக்குகிறது, தமிழ்ச் சொல் பரப்புகிறது. 3 நிமிடப் பாட்டு 23 நிமிடமாவதற்கு எது பொருத்தம் என்று நீங்களே பாருங்கள். இரண்டாம் வகைக்கு நிரவல் போதாது என்று கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்கள் ஆட்சேபிப்பார்கள், நியாயம்தான். ஆனால் கச்சேரி என்ற சொல்லும் ஒரு காலத்தில் அரசு அலுவலகத்தைத்தான் குறித்தது. சொல் போன இடத்துக்கு அர்த்தமும் போகும்.

இந்த இரண்டு உலகமும் ஒன்றையொன்று அறியாதவை அல்ல. கிரேட்ஃபுல் டெட் குழுவின் இரண்டு டிரம்ஸ்காரர்களில் ஒருவரான மிக்கி ஹார்ட் 1991-இல் வெளியிட்ட 'பிளானட் டிரம்' இசைத்தட்டில் கடம் வாசித்தவர் விக்கு விநாயக்ராம். அதற்கு கிராமி விருதும் கிடைத்தது.

குழுவுக்கு 'நிரவல் குழு' என்றும், வினைக்கு 'நிரவினார்கள்' என்றும் எழுதலாம். "நேற்று ராத்திரி அந்தப் பாட்டை நாற்பது நிமிடம் நிரவினார்கள்" என்று எழுதிப் பார்த்தேன். உறுத்தவில்லை. பேச்சில் என்னவோ 'ஜாம் பண்ணினாங்க' என்றுதான் வாயில் வரும்.