டிவைஸ் கான்டெக்ஸ்ட்: சாதனச் சூழலா, வரைகளமா?

டெஸ்க்டாப் மென்பொருள் எழுதுகிறவர்கள் எல்லாருமே ஒரு நாள் இந்த இடத்துக்கு வந்து சேர்வோம். திரையில் ஓர் அட்டவணை அழகாக வந்துவிட்டது, கோடு, எழுத்து, நிறம் எல்லாம் சரி, அப்போது "இதை அப்படியே பிரின்ட் எடுக்க முடியுமா?" என்று யாராவது கேட்பார்கள். அவசரத்தில் திரைக்கு எழுதிய ஃபங்ஷனையே நகலெடுத்து, பெயரை மாற்றி, அச்சுக்கென்று இன்னொன்றாக வைத்துக்கொள்வோம். நானும் அப்படிச் செய்திருக்கிறேன். மூன்று மாதம் கழித்து அட்டவணையில் புதிதாக ஒரு நெடுவரிசை கேட்டார்கள், திரைக்கான ஃபங்ஷனில் சேர்த்தேன், அச்சுக்கானதில் விட்டுப்போயிற்று. திரையில் ஏழு நெடுவரிசை, தாளில் ஆறு. இந்தத் தவறுக்கு இடமே கொடுக்காத வழி ஒன்று ரொம்ப காலமாகவே இருக்கிறது: வரையும் நிரல் ஒன்றே ஒன்று இருக்கட்டும், எதன்மேல் வரைவது என்பதை மட்டும் கூப்பிடுகிறவர் கையில் கொடுத்து அனுப்பட்டும்.

அந்த "எதன்மேல்" என்பதற்கு விண்டோஸ் வைத்த பெயர்தான் டிவைஸ் கான்டெக்ஸ்ட். சுருக்கமாக டிசி. 1985-இல் வந்த முதல் விண்டோஸிலேயே ஜிடிஐ என்ற வரைகலைப் பகுதியும் அதனுள் இந்த டிசியும் இருந்தன. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் "சாதனச் சூழல்" என்று வரும். தமிழில் நிரலாக்கம் சொல்லிக்கொடுக்கும்போது நானும் சில காலம் அப்படித்தான் சொல்லிவந்தேன். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள், ஆனால் அடுத்த கேள்வியிலேயே தெரிந்துவிடும், அந்தச் சொல்லிலிருந்து அவர்களுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை என்பது.

சரி, டிசி என்பது உண்மையில் என்ன? அது திரை இல்லை, தாளும் இல்லை. இப்போது எந்தப் பேனா, எந்தத் தூரிகை, எந்த எழுத்துரு, எந்த நிறம், எந்த அளவுமுறை, எந்த எல்லைக்குள் வரையலாம் என்று வரைவதற்கு வேண்டிய அத்தனை நிலவரத்தையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் பொருள். "இங்கிருந்து அங்கே ஒரு கோடு" என்று அதனிடம் சொன்னால் போதும், பின்னால் இருப்பது திரை என்றால் புள்ளிகள் ஒளிரும், அச்சுப்பொறி என்றால் அந்தக் கட்டளை அச்சு வரிசைக்குப் போகும். திரைக்கு ஒரு டிசி வாங்கினாலும் அச்சுப்பொறிக்கு ஒரு டிசி வாங்கினாலும், வாங்கும் முறை வேறே தவிர, கையில் கிடைப்பதன் வகை ஒன்றுதான். 1990களில் விண்டோஸ் நிரல் எழுதியவர்களுக்கு எம்எஃப்சி என்ற மைக்ரோசாஃப்டின் சி++ நிரல் நூலகம் நினைவிருக்கும். அதில் ஆன்டிரா என்ற ஃபங்ஷனை ஒரே ஒரு முறை எழுதுவோம், திரையைப் புதுப்பிக்கும்போதும் அதுவே அழைக்கப்படும், அச்சடிக்கும்போதும் அதுவே, அச்சு முன்னோட்டத்துக்கும் அதுவே. உள்ளே வரும் டிசி மட்டும் மாறும்.

சொற்பிறப்பைப் பார்த்தால் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் வெளியே வருகிறது. கான்டெக்ஸ்ட் என்பது லத்தீனின் கான்டெக்ஸ்டுஸ் என்ற சொல்லிலிருந்து வந்தது, அதன் வேர் டெக்ஸெரே, அதாவது நெய்தல். சேர்த்து நெய்தது, ஊடும் பாவுமாகப் பின்னியது என்பதுதான் முதல் பொருள். டெக்ஸ்ட், டெக்ஸ்டைல் இரண்டும் அதே தறியிலிருந்து வந்தவை. தமிழில் நூல் என்ற ஒரே சொல் இழையையும் குறிக்கிறது, புத்தகத்தையும் குறிக்கிறது இல்லையா, அதே உறவு. டிவைஸ் என்பதன் மூலம் பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனில் "பிரித்தல்" என்ற வினைக்குப் போகிறது, பிரித்து வகுத்தல், திட்டமிடுதல் என்று பொருள் நகர்ந்து, கடைசியில் திட்டமிட்டுச் செய்த பொருள், கருவி என்று நின்றது.

இதே வேலைக்கு மற்ற இடங்களில் வைத்த பெயர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1984-இன் மேக்கின்டாஷில் இதற்கு கிராஃப்போர்ட் என்று பெயர், அச்சடிப்பதற்கு அச்சுக்கான போர்ட் ஒன்றைத் திறந்து அதில் வழக்கம்போல் வரைவார்கள். ஜாவாவில் கிராஃபிக்ஸ். கியூட்டி என்ற நிரல் நூலகத்தில் வரைகிறவர் க்யூபெயின்டர், வரையப்படும் இடம் க்யூபெயின்ட்டிவைஸ் என்று இரண்டாகப் பிரித்து வைத்தார்கள், அந்தப் பிரிப்பு எனக்குப் பிடிக்கும். 1995-இல் வந்த டெல்ஃபி என்ற நிரலாக்கக் கருவியில் கேன்வாஸ். படிவத்துக்கும் ஒரு கேன்வாஸ் உண்டு, அச்சுப்பொறிக்கும் ஒரு கேன்வாஸ் உண்டு, இரண்டும் ஒரே வகை. இன்று பரவலாகப் பிழைத்திருப்பதும் கேன்வாஸ் என்ற பெயர்தான்.

கேன்வாஸும் நெசவுச் சொல்தான். அதன் மூலம் கன்னாபிஸ், கஞ்சாச் செடி. அந்தச் செடியின் நாரில் நெய்த முரட்டுத் துணி கேன்வாஸ், அது கப்பல் பாய்க்கும் போயிற்று, ஓவியர் சட்டத்துக்கும் போயிற்று. நம்மிடம் இதற்கு நல்ல சொல் இருக்கிறது: கித்தான். ஓவியம் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் இன்றும் கித்தான் என்றே எழுதுகிறார்கள். அதைவிடப் பழையதாகக் கிழி என்ற சொல்லும் உண்டு. அகப்பாடல் மரபில் மடலேறத் துணிந்த தலைவன் தலைவியின் உருவம் தீட்டிய துணியைக் கையில் பிடித்துக்கொண்டு வருவான், அந்தத் துணிதான் கிழி. அப்புறம் நாம் தினமும் சொல்லும் படம்! அதற்கும் துணி என்றுதான் பழைய பொருள், துணியில் எழுதியது படமாகி, பிறகு எதில் எழுதினாலும் படம் என்றாகிவிட்டது.

அப்படியானால் கித்தான் என்றோ கிழி என்றோ வைத்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. கிழி உடனே அடிபட்டுப்போகிறது, ஏனென்றால் "தாள்கிழி" என்று ஒரு சொல்லை அச்சு தொடர்பாக எழுதினால் படிப்பவர் தாளைக் கிழிக்கச் சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்வார். கித்தான் அப்படியில்லை, நல்ல சொல், கேன்வாஸ் என்று பெயரிட்ட இடங்களில் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் டிசி என்ற கருத்துக்கு அது குறைவுதான். ஏன் என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம், இந்த இடத்தில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள்.

திரைக்கு எழுதிய நிரலை எந்த மாற்றமும் செய்யாமல் அச்சுப்பொறியின் டிசியில் ஓட்டிப் பாருங்கள். விண்டோஸில் திரைக்கு வழக்கமான கணக்கு ஓர் அங்குலத்துக்கு 96 புள்ளி. ஏ4 தாள் 210 மி.மீ. அகலம், 297 மி.மீ. உயரம், அது அந்தக் கணக்கில் ஏறத்தாழ 794-க்கு 1123 புள்ளி. 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி போடும் அச்சுப்பொறிக்கு அதே தாள் சுமார் 4961-க்கு 7016 புள்ளி. திரையில் முழுப் பக்கத்தையும் நிரப்பிய அட்டவணை தாளின் இடது மேல் மூலையில் 3.4 செ.மீ. அகலத்தில், தபால்தலை மாதிரி வந்து நிற்கும். திரையில் ஒரு புள்ளி தடிமனில் தெளிவாகத் தெரிந்த கட்டக்கோடு, தாளில் 0.04 மி.மீ. தடிமனில் மயிரிழையாகப் போய்விடும். நிரலில் தப்பே இல்லை, சொன்னதைச் சொன்னபடி வரைந்திருக்கிறது. "100 புள்ளி" என்று நாம் சொன்னதுதான் இரண்டு இடத்திலும் இரண்டு நீளமாகிவிட்டது.

ஆகவே வரையும் நிரலுக்குள் புள்ளிக் கணக்கு வரவே கூடாது. மில்லிமீட்டரிலோ, அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கான பாயின்டிலோ அளவைச் சொல்லிவிட்டு, அதைப் புள்ளியாக மாற்றும் வேலையை டிசியிடம் விட்டுவிட வேண்டும். ஜிடிஐ அதற்காகவே பல அளவுமுறைகளை வைத்திருக்கிறது: மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு, 1440-இல் ஒரு பங்கு என்று. (இவற்றில் செங்குத்துத் திசையில் எண்கள் மேல்நோக்கிக் கூடிக்கொண்டு போகும், கீழே வரைய எதிர்மறை எண் கொடுக்க வேண்டும். முதல் முறை எழுதுகிறவர்களுக்கு வெற்றுத் தாள் வெளியே வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.)

அளவைச் சரிசெய்தாலும் எழுத்து இருக்கிறது. திரையில் சிறிய எழுத்துகளின் அகலத்தை முழுப் புள்ளிக்குச் சரிக்கட்டும் வழக்கம் உண்டு. ஓர் எழுத்துக்கு அரைப் புள்ளி கூடினாலும் அறுபது எழுத்துள்ள வரியில் அது முப்பது புள்ளி. திரையில் ஒரே வரியில் அடங்கிய வாக்கியம் தாளில் அடங்காது, அல்லது தாளில் அடங்குவது திரையில் உடைந்து அடுத்த வரிக்குப் போகும், பக்கக் கணக்கே மாறிவிடும். இதற்கு வழி, வரி எங்கே முறிய வேண்டும் என்பதை அச்சுப்பொறியின் எழுத்தளவை வைத்து ஒரு முறை முடிவுசெய்துவிட்டு, திரையில் அந்த இடங்களிலேயே எழுத்துகளைக் கொண்டுபோய் வைப்பது.

எம்எஃப்சியின் அச்சு முன்னோட்டம் இதை எப்படிச் செய்தது தெரியுமா? முன்னோட்டத்துக்கு வரும் டிசிக்குள் இரண்டு டிசிகள் இருந்தன. வரை என்றால் ஒன்று, அது திரையுடையது. இந்த எழுத்து எவ்வளவு அகலம், தாள் எவ்வளவு பெரியது என்று கேட்டால் பதில் சொல்வது இன்னொன்று, அது அச்சுப்பொறியுடையது. மை படுவது திரையில், அளவுகோல் அச்சுப்பொறியில். இதைப் புரிந்துகொண்ட அன்றைக்குத்தான் கித்தான் என்ற சொல்லை இந்த இடத்துக்கு வேண்டாம் என்று முடிவுசெய்தேன். கித்தான் என்றால் மை படும் துணி மட்டும்தான். அளவுகோல் அதற்குள் வராது. சூழல் என்றால் நேர்மாறான குறை, அளவுகோல் வந்துவிடும், வரையும் இடம் வராது. சூழலின் "மேல்" யாரும் கோடு போட முடியாது, அதனால்தான் "சாதனச் சூழலில் கோடு வரைக" என்ற வாக்கியம் காதில் விழுந்ததும் ஒட்டாமல் நழுவிவிடுகிறது. போதாததற்கு முன்னால் சாதனம் வேறு. இந்த ஏற்பாட்டின் பயனே, வரையும் நிரல் சாதனம் எது என்று கவலைப்படாமல் இருக்கலாம் என்பதுதான். பெயரிலேயே சாதனத்தை முன்னால் நிறுத்தினால் கற்பவரின் கவனம் தப்பான இடத்துக்குப் போகிறது.

நான் இப்போது பயன்படுத்துவது வரைகளம். களம் என்றால் ஒரு செயல் நடக்கும் இடம்: நெற்களம், போர்க்களம். குறளில் கற்றோர் கூடிய அவைக்கே களன் என்று பெயர் வருகிறது. எந்த இடத்தையும் களம் என்று சொல்லிவிட மாட்டோம், தனக்கென்று வரம்பும் முறையும் உள்ள இடத்தைத்தான் சொல்வோம். கதைக்களம் என்று சொல்லும்போது ஊரையும் காலத்தையும் நிலவரத்தையும் சேர்த்தே சொல்கிறோம் இல்லையா, இடமும் சூழலும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. டிசிக்கு வேண்டியது அதேதான். "வரைகளத்தில் ஒரு கோடு போடு" என்று சொல்லலாம், "வரைகளத்தின் அளவுமுறையை மில்லிமீட்டருக்கு மாற்று" என்றும் சொல்லலாம், இரண்டுமே இயல்பாக இருக்கின்றன. திரைக்களம், அச்சுக்களம், முன்னோட்டக்களம் என்று கிளைச்சொற்களும் தானாக வந்து சேர்கின்றன.

வேறு பரிந்துரைகளும் கேட்டிருக்கிறேன். வரைதளம் என்றால் தட்டையான பரப்பும் இணையதளமும்தான் நினைவுக்கு வருகின்றன. வரைபரப்பு மோசமில்லை, ஆனால் கியூட்டியின் பெயின்ட்டிவைஸ் போல, வரையப்படும் இடத்தை மட்டும் தனியே சொல்ல வேண்டியபோது அதை வைத்துக்கொள்வது நல்லது.

சொல்லைப் பயன்படுத்தும்போது ஓர் எச்சரிக்கை. ஒரே நிரல் என்பதால் அந்த நிரலில் உள்ள எல்லாமே இரண்டு களத்துக்கும் போக வேண்டும் என்று அர்த்தமில்லை. பயனர் தேர்ந்தெடுத்த வரியின் நீலப் பின்னணி, இழுத்துப் பெரிதாக்கும் கைப்பிடிகள், துடிக்கும் கர்சர் எதுவும் தாளில் வரக்கூடாது. இதற்கு "இது அச்சுக்களமா?" என்று வரைகளத்திடமே கேட்கும் வசதி எம்எஃப்சியில் உண்டு, ஆனால் வரையும் ஃபங்ஷனுக்குள் அந்தக் கேள்வி நான்கைந்து இடத்தில் முளைக்க ஆரம்பித்தால், நகலெடுத்த இரண்டு ஃபங்ஷன்கள் ஒரே பெயருக்குள் மறுபடி குடியேறுகின்றன என்றுதான் பொருள். நான் அவற்றைத் தனி ஃபங்ஷனாகப் பிரித்துவிடுவேன். அட்டவணையை வரைவது ஒன்று, எந்தக் களத்தைக் கொடுத்தாலும் வரையும். தேர்வு அடையாளங்களை வரைவது இன்னொன்று, அதைத் திரைக்களத்துக்கு மட்டும், அட்டவணை வரைந்து முடிந்த பிறகு கூப்பிடுவேன்.