சொல் விளக்கம்: இன்டர்காம், வாயிற்பேசி

வாசலில் அழைப்பு மணி, கேமரா, ஒலிவாங்கி. வீட்டுக்குள் சுவரில் ஒரு திரை. இந்த இரண்டும் சேர்ந்ததே வீடியோ இன்டர்காம். ‘வீடியோ’ என்பது ‘காண்கிறேன்’ என்று பொருள்படும் லத்தீன் வினை. ‘இன்டர்காம்’ என்பது இன்டர்கம்யூனிகேஷன் என்பதன் சுருக்கம். அதில் ‘இன்டர்’ என்றால் இடையே என்று பொருள். கம்யூனிகேஷனின் வேர் பொதுவாக்குதல், பகிர்தல் என்ற பொருளுடைய லத்தீன் வினை.

தமிழில் இதை உள்பேசி, உள்தொடர்பு என்று எழுதுவதுண்டு. அலுவலகத்தில் அறைக்கு அறை பேசும் கருவிக்கு அது சரி. வாசல் கருவிக்கு ஒரு முனை வெளியே இருப்பதால் ‘உள்’ பொருந்தவில்லை; வாயிற்பேசி என்பதே பொருத்தம். வாயில் என்பது ‘இல்வாய்’ முன்பின்னாக மாறிய இலக்கணப் போலி. அதுவே வழக்கில் வாசல் ஆயிற்று. படம் காட்டும் வகையைக் காணொளி வாயிற்பேசி எனலாம். அதன் ‘இன்டோர் ஸ்டேஷனை’ உள்நிலையம் என்றால் கட்டடம் போல ஒலிக்கிறது. உள்ளகத் திரை, வாசல் பலகை என்று இரண்டு முனைகளையும் பிரித்துச் சொன்னால் குழப்பமில்லை.

உள்ளகத் திரையைத் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. வாசல் பலகை எந்த முறையில் பேசுகிறதோ அதே முறையில் திரையும் பேச வேண்டும். பழைய அனலாக் வகையில் நான்கு கம்பிகள்: மின்சாரம், தரை (கிரவுண்ட்), ஒலி, படம். இரண்டு கம்பி வகையில் இவை அத்தனையும் ஒரே இணையில் போகும். ஆனால் நிறுவனத்துக்கு நிறுவனம் முறை மாறுவதால் திரையையும் பலகையையும் ஒரே தயாரிப்பில் வாங்குவதே பாதுகாப்பு. கணினி வலையமைப்பு வழியே இயங்கும் ஐ.பி. வகைக்கு நெட்வொர்க் கேபிள் வேண்டும், நீளம் 100 மீட்டருக்குள். கேபிள் வழியே மின்சாரம் தரும் 802.3ஏஎஃப் தரத்தில் கருவிக்குக் கிடைப்பது 12.95 வாட். 10 அங்குலத் திரை வாங்குமுன் அதன் வாட் அளவை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எஸ்.ஐ.பி. என்ற பொதுவான இணைய அழைப்பு முறையை ஏற்கும் கருவிகளில் வேறு நிறுவனத்தின் திரையை இணைக்க வழியுண்டு. பேச்சும் படமும் வந்தாலும் கதவு திறக்கும் பொத்தான் வேலை செய்கிறதா என்று தனியாகச் சோதிக்க வேண்டும்.

திரையின் அளவுக்குக் கொடுக்கும் கவனத்தைக் கம்பியின் தடிமனுக்கு யாரும் கொடுப்பதில்லை. பெரும்பாலான தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. 0.5 மி.மீ. விட்டமுள்ள தொலைபேசிக் கம்பியில் 30 மீட்டர் தொலைவுக்குப் போய்வரும் மின்தடை சுமார் 5.3 ஓம். வாசல் கதவின் மின்பூட்டு 500 மில்லி ஆம்பியர் இழுத்தால் 2.6 வோல்ட் வழியிலேயே தொலைந்து, 12 வோல்ட் 9.4 ஆகிறது. காந்தப் பூட்டின் பிடி தளரும். மின்சாரத்தால் விடுபடும் மின்கொண்டி வகைப் பூட்டு திறக்காமல் அடம்பிடிக்கும். அந்த மின்சாரத்தையே வாசல் பலகையும் பகிர்ந்தால், கதவைத் திறக்கும் நொடியில் படம் துண்டிக்கப்படலாம். 0.75 சதுர மி.மீ. குறுக்குப்பரப்புள்ள கம்பியில் இழப்பு 0.7 வோல்ட் மட்டுமே. பூட்டுக்குத் தனி மின்வழங்கி வைப்பது இன்னும் நல்லது. நேர்மின்னோட்டத்தில் (டி.சி.) இயங்கும் பூட்டின் இரு முனைகளுக்கு இடையே, பூட்டை ஒட்டியே, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு ஒன்றை எதிர்த்திசையில் போடுங்கள். இல்லாவிட்டால் பூட்டின் சுருள் திருப்பி அடிக்கும் மின்னழுத்தத்தில், பூட்டை இயக்கும் மின்சுவிட்சான ரிலேயின் தொடுமுனைகள் கருகும்.

திரையை வெயில் நேரே விழாத சுவரில், கண்மட்டத்தை ஒட்டிப் பொருத்துவது வழக்கம். சக்கர நாற்காலியில் இருப்பவர் வீட்டில் பொத்தான்கள் 1.2 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஒரே கூடத்தில் இரண்டு திரைகள் அருகருகே இருந்தால் ஒலி சுழன்று ஊளையிடக்கூடும்.

பூட்டை இயக்கும் ரிலே எங்கே இருக்கிறது என்பதை வாங்குமுன் கேட்டே ஆக வேண்டும். அது வாசல் பலகைக்குள் இருந்தால், பலகையைக் கழற்றியவர் இரண்டு கம்பிகளைச் சேர்த்தோ பிரித்தோ கதவைத் திறந்துவிடலாம். ரிலே உள்ளகத் திரையிலோ வீட்டுக்குள் வைக்கும் தனிப் பெட்டியிலோ இருக்கும் வகையையே தேர்ந்தெடுங்கள்.