ரிங் ஆஃப் ஃபயர் ரோடுக்கு 100 கோடி டாலர்னு சொல்றாங்களே, அந்த காசு எப்ப கைக்கு வரும்?

கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்தோட வடக்குல, தண்டர் பே நகரத்துல இருந்து சுமார் 500 கிலோமீட்டர் வடகிழக்கா, சதுப்பு நிலத்துக்கு நடுவுல இருக்குற கனிமப் பகுதிதான் ரிங் ஆஃப் ஃபயர். 2007ல நிக்கலும் தாமிரமும் கண்டுபிடிச்சாங்க, அடுத்த வருஷம் குரோமைட், அதாவது குரோமியம் எடுக்குற தாது. ஆனா அங்க போக வருஷம் பூரா ஓடுற ரோடு கெடையாது, ஃப்ளைட்ல போகணும், இல்லன்னா ஏரியும் ஆறும் உறைஞ்சு கெடக்குற சில வாரத்துக்கு மட்டும் போடுற பனி ரோடுல போகணும். சுரங்கம் வரணும்னா மொதல்ல ரோடு வரணும், ரோடுக்கு கவர்மென்ட் காசு வேணும், அந்த காசு எலெக்‌ஷன் சமயத்துல மட்டும் ரொம்ப பெருசா தெரியும்.

2014 மே 1ஆம் தேதி, கேத்லீன் வின் தலைமையில இருந்த லிபரல் அரசு பட்ஜெட்ல இந்த ரோடுக்குன்னு 100 கோடி டாலர் சொன்னாங்க. அது மைனாரிட்டி அரசு, மறுநாளே எதிர்க்கட்சியான என்டிபி (புதிய ஜனநாயகக் கட்சி) ஆதரவு இல்லன்னு சொல்லிடுச்சு, எலெக்‌ஷன் வந்துருச்சு, அதே பட்ஜெட்டோட மக்கள்கிட்ட போய் ஜூன் 12 மெஜாரிட்டியோட ஜெயிச்சாங்க, ஜூலைல திரும்ப தாக்கல் பண்ணாங்க. அடுத்து 2022ஐ பாருங்க, இப்ப டக் ஃபோர்டோட கன்சர்வேட்டிவ் அரசு, ஏப்ரல் 28 பட்ஜெட், அதுலயும் கிட்டத்தட்ட 100 கோடி, ஒரு வாரத்துக்குள்ள சபைய கலைச்சாச்சு, ஜூன் 2 ஓட்டு, ஆகஸ்ட்ல பட்ஜெட் மறுபடியும் தாக்கல். கட்சி மாறுச்சு, தொகை மாறல, வரிசையும் மாறல. 2025 மார்ச்ல ஃபெடரல் எலெக்‌ஷனுக்கு முன்னாடி கன்சர்வேட்டிவ் தலைவர் பியர் பொய்லியேவும் வடக்கு ஒன்டாரியோவுல இருக்குற சட்பரி நகரத்துல அதே 100 கோடியத்தான் சொன்னார். அவர் கட்சி ஜெயிக்கல.

இங்க ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். பட்ஜெட்ங்கிறது அரசோட திட்டம், அவ்ளோதான். உண்மையிலேயே செலவு பண்ணணும்னா ஒவ்வொரு துறைக்கும் எவ்வளவுன்னு எஸ்டிமேட்ஸ்னு ஒரு கணக்கு சபைக்கு வரும், அத பாஸ் பண்ணி சப்ளை சட்டம் நிறைவேத்தணும், அதுவும் அந்த ஒரு நிதியாண்டுக்கு மட்டும். சபைய கலைச்சா பாஸ் ஆகாத மசோதா எல்லாம் அப்படியே செத்துப் போகும். அதனால சபைய கலைக்க ஒரு வாரம் முன்னாடி வர்ற பட்ஜெட்ல எந்த நம்பர் இருந்தாலும் அத நம்பி ஒரு லோடு ஜல்லி கூட இறக்க முடியாது. அஞ்சு பத்து வருஷத்துக்கு சேர்த்து சொல்ற மொத்த தொகையையும் இந்த வருஷமே செலவாகப் போற மாதிரி படிக்காதீங்க.

இன்னொரு சிக்கல், மாகாணம் போடுறேன்னா ஒட்டாவாவும், அதாவது கனடாவோட ஃபெடரல் அரசும், அதே அளவு போடணும்னு கேக்குறது. 2014ல ஒட்டாவால ஹார்ப்பரோட கன்சர்வேட்டிவ் ஆட்சி, இங்க லிபரல், காசு வரல. சரி, கட்சி வேறங்கிறதாலன்னு நெனைக்கலாம், ஆனா 2015 கடைசில இருந்து 2018 நடு வரைக்கும் ரெண்டு இடத்துலயும் லிபரல்தான், அப்பவும் அந்த 100 கோடிக்கு ஜோடி வரல. அதுக்கு முன்னாடி, ஹார்ப்பர் இருந்தப்ப, ரெண்டு அரசும் சேர்ந்து கொடுத்தது என்னன்னா, 2015 மார்ச்ல ஒரு ரோடு ஆய்வுக்கு சுமார் 7.85 லட்சம் டாலர். 100 கோடி எங்க, 7.85 லட்சம் எங்க!

ஏன் இப்படி நடக்குதுன்னா, சுரங்கம் வர்ற கிவெடினூங் தொகுதில மொத்த ஜனத்தொகையே சுமார் 33,000, பெரும்பாலும் பூர்வகுடி மக்கள், தெக்குல இருக்குற தொகுதிகள்ல ஒவ்வொண்ணுலயும் பெரும்பாலும் ஒரு லட்சத்துக்கு மேல. அதனால அறிவிப்பு யார் காதுல விழணுமோ அவங்க சட்பரி, சூ செயின்ட் மரி மாதிரி ஊர்ல இருக்காங்க, உருக்காலை எங்க வரும் எத்தன வேலை கெடைக்கும்னு பாக்குறவங்க. அங்கயே வாழுற நெஸ்காண்டாகா மக்கள் 1995ல இருந்து குழாய்த் தண்ணிய கொதிக்க வெச்சுத்தான் குடிக்கணும்னு இருக்கு, எனக்கு இதுதான் மனசே ஆறல, ரோடு பத்தி இத்தன மேடைல பேசுனாங்க, தண்ணிக்கு இவ்ளோ வருஷம்.

அப்ப காசு நெஜமா நகருதுன்னு எப்படி தெரிஞ்சுக்குறது? பூர்வகுடி சமூகத்தோட கையெழுத்தான ஒப்பந்தம் இருக்கான்னு பாருங்க, ஏன்னா அது இல்லாம அங்க ஒண்ணும் நகராது. ரோடு ஒண்ணு இல்ல, மூணு துண்டு, அதுக்கான சுற்றுச்சூழல் மதிப்பீட்ட நடத்துறதே வெபெக்வே, மார்ட்டன் ஃபால்ஸ் சமூகங்கள்தான். 2025 அக்டோபர்ல மாகாணம் வெபெக்வேயோட போட்ட ஒப்பந்தம் சுமார் 4 கோடி டாலர், 100 கோடிக்கு முன்னாடி சின்னதா தெரியும், ஆனா அது கையெழுத்தான காசு. அதோட ரோடு போற வழில இருக்குற எல்லா சமூகமும் சம்மதிச்சிட்டாங்கன்னும் எடுத்துக்கக் கூடாது, நெஸ்காண்டாகா வெளிப்படையாவே எதிர்க்குறாங்க.

அடுத்தது பப்ளிக் அக்கவுன்ட்ஸ். ஒன்டாரியோ நிதியாண்டு மார்ச் 31ல முடியும், அதுக்கப்புறம் சில மாசத்துல போன வருஷம் எந்தத் துறை என்ன செலவு பண்ணுச்சுன்னு அதுல போட்டுடுவாங்க, யார் வேணா படிக்கலாம். மேடைல சொன்ன தொகைய ஒரு பக்கம் எழுதி வெச்சுட்டு, சுரங்கத் துறை கணக்குல வர்ற தொகைய பக்கத்துல எழுதிப் பாருங்க, உங்க தொகுதி வேட்பாளர் ஓட்டு கேட்டு வரும்போது அந்த ரெண்டு நம்பரையும் காட்டியே கேக்கலாம்.